வாசித்துக் காட்டாத அறிவித்தல்

மூன்றில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் சொல்லிவிட வேண்டியதுதானே. கிருஷ்ணகுமாரி மூன்று வாரமாகச் சொல்லவில்லை. தெஹியோவிட்ட பஸ் நிலையத்துக்கு எதிரே புவாட் முதலாளியின் கொமியுனிகேஷன் கடையில், போட்டோகொப்பி மெசினுக்கும் சுவருக்கும் நடுவே இருபத்திரண்டு வருடமாக அவளுக்கென்று கிடக்கும் கதிரையில் உட்கார்ந்துகொண்டு, "நாளைக்குச் சொல்றேன்" என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தாள். புடவையா நகையா, நின்று நிதானித்துப் பார்க்க? அவளிடம் கேட்டது இணையப் பக்கம் எழுதவும் திருத்தவும் ஒரு மென்பொருள். அதற்கு இவ்வளவு யோசனை ஏன் என்று முதலாளிக்கும் புரியவில்லை.

அந்தக் கடையில் மரண அறிவித்தல் அடிப்பார்கள். சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் யார் கண்ணை மூடினாலும், குளிப்பாட்டுவதற்கு முன்பே வீட்டு ஆள் ஒருவர் பஸ் பிடித்துக் குமாரியிடம் வந்துவிடுவார். அவள் அடித்துக் கொடுக்கும் தாளை நூறு பிரதி எடுத்துக்கொண்டு போய்ச் சந்தியிலும் கோவில் சுவரிலும், காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக் களத்திலும் ஒட்டுவார்கள். பதின்மூன்று வருடத்துக்கு முன் புவாட்டுக்கு ஒரு யோசனை வந்தது. கொழும்பில் கடைகளில் நிற்கிற பையன்களும் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்களும் இந்தத் தாளை எப்படிப் பார்ப்பார்கள்? கடையின் பெயரில் ஒரு இணையத்தளத்தைப் போட்டார். ஒரு சாவுக்கு ஒரு பக்கம். இன்றைக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அத்தனையும் குமாரி அடித்தவை. தோட்டங்களில் அவளுக்கு நோட்டீஸ் அக்கா என்றே பெயர். நல்ல காரியத்துக்கு அவளைத் தேடி யாரும் வந்ததில்லை. கலியாணக் கார்டு அடிக்க எல்லோரும் அவிசாவளைக்குப் போய்விடுவார்கள்.

அந்தப் பக்கங்களை எழுதிய மென்பொருள் ஒரு சீடியில் வந்தது. அதைச் செய்தவர்களே அதை மறந்து பல வருடம் ஆகிறது. கடை மூலையில் கிடக்கும் பழைய கணினியில் மட்டும்தான் அது ஓடும். இப்போது தளத்துக்கு இடம் கொடுத்திருந்த நிறுவனம் கடிதம் போட்டுவிட்டது: பழைய முறையில் எழுதிய பக்கங்களை ஜூலை மாதக் கடைசியோடு மூடுகிறோம், மாற்றிக்கொள்ளாதவை போய்விடும். அதாவது அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் இரண்டாம் தடவை செத்துப்போவார்கள்.

"மூணு வழி ஈக்கிது, குமாரி அக்கா" என்றாள் ஷிப்னா. புவாட்டின் மகள், கண்டியில் கணினி படித்து முடித்து, வேலை வரும்வரை வாப்பாவின் கடையில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். "எழுதப் போறது நீங்க. அதனால நீங்கதான் சொல்லணும். பழைய பக்கம் ஒண்ண எடுத்து மூணுலயும் போட்டுப் பாருங்க. கைக்கு எது வருதோ அத எடுப்பம்."

நல்ல யோசனைதான். பழைய பக்கம் ஒன்று என்றதும் குமாரியின் கை தானாகப் போய் எடுத்தது இருநூற்று நாற்பத்தோராம் பக்கத்தை. ஐயாவு, ஓய்வுபெற்ற ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. அவளுடைய அப்பா.

அந்தப் பக்கத்தில் ஒரு பெயர் இல்லை. அவளுடைய தங்கை புஷ்பத்தின் பெயர்.

பெயர் விடுபட்டால் என்ன ஆகும் என்று வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். தோட்டத்தில் சிரிக்க மாட்டார்கள். பெயர் விடுபட்ட மருமகன் பாடை தூக்க வர மாட்டான். பெயர் விடுபட்ட மைத்துனர் கருமாதிச் சோற்றில் கை நனைக்க மாட்டார். அதோடு போகுமா? அடுத்த கலியாணம், அடுத்த சடங்கு என்று பத்து வருடம் இழுக்கும். இதெல்லாம் குமாரிக்கு மனப்பாடம். அதனால் அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். அடித்து முடித்ததும், பிரதி எடுக்கும் முன், வந்த ஆளை எதிரே உட்கார வைத்து முழு அறிவித்தலையும் சத்தமாக வாசிப்பாள். வாசித்து முடித்து, "யாராச்சும் விடுபட்டிருக்காங்களா?" என்று கேட்பாள். வீட்டுக்குப் போன் போட்டும் கேட்கச் சொல்வாள். மூன்று தரம் கேட்காமல் மெசினில் கை வைக்க மாட்டாள். கடைசி பஸ்ஸைப் பிடிக்கத் துடிக்கிற ஆள்கூட அதற்குப் பொறுமையாக இருப்பார், ஏனென்றால் கடைசி நிமிடத்தில் ஞாபகம் வந்த பெயர்களால் எத்தனையோ சண்டைகள் நின்றிருக்கின்றன.

அறுநூற்றுப் பன்னிரண்டில் ஒன்றே ஒன்றைத்தான் அவள் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

புஷ்பம் அவளுக்கு ஆறு வயது இளையவள். தோட்டத்துப் பால் ஸ்டோரில் ரப்பர் பால் ஏற்ற வரும் பவுசர் லொறியை ஓட்டிய நிஹால் என்ற சிங்களப் பையனோடு ஒரு நாள் போய்விட்டாள். போனது ருவான்வெல்லைக்கு, இரண்டு பஸ் தூரம். ஆனால் லயத்து வரிசை வீடுகளில் அதை ஏழு கடல் தாண்டிய மாதிரிப் பேசினார்கள். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மாதம்தான் குமாரிக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் வந்து தேத்தண்ணீர் குடித்தார்கள், பிஸ்கட்டைத் தொடவில்லை, போனார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவளைக் கேட்டு யாரும் வரவில்லை. இப்போது நாற்பத்தேழு வயது. அண்ணன் இந்திரகுமாரின் வீட்டில், அண்ணி சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, காலை ஆறரை பஸ்ஸில் வந்து மாலை ஆறரை பஸ்ஸில் திரும்புகிற ஒரு வாழ்க்கை. தோளில் ஒரு வலி நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. கரவனெல்ல ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, கையை ஆட்டாமல் வைத்திருக்கச் சொன்னார்கள். டைப் அடிக்கிறவளிடம்.

அப்பா இறந்தது ஒன்பது வருடத்துக்கு முன், ஜூலை பதினான்காம் தேதி. அண்ணன் பாடைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். போகிற போக்கில், "நோட்டீஸ நீயே அடிச்சிரு. ஒனக்குத் தெரியாததா" என்று மட்டும் சொன்னார். குமாரி கடைக்கு வந்தாள், உட்கார்ந்தாள், அடித்தாள். 'இந்திரகுமார், கிருஷ்ணகுமாரி ஆகியோரின் பாசமிகு தந்தையும்' என்று வந்த இடத்தில் கை நின்றது. புஷ்பத்தின் பெயரைப் போட்டால் சித்தப்பாமார் என்ன சொல்வார்கள், தோட்டத் தலைவர் என்ன சொல்வார் என்று பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பயம் இல்லை, கோபம். அந்தத் தொடப்படாத பிஸ்கட் தட்டு கண்ணில் வந்தது. அடுத்த வரிக்குப் போய்விட்டாள். எதிரே உட்கார்ந்து கேட்க ஆள் இல்லை. யாராச்சும் விடுபட்டிருக்காங்களா என்று அவள் யாரையும் கேட்கவில்லை. நேரே நூறு பிரதி எடுத்தாள்.

மறுநாள் காலை புஷ்பம் வந்திருக்கிறாள். யாரோ சொல்லி, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, கைக்குழந்தையோடு தெஹியோவிட்ட வரை வந்து இறங்கியிருக்கிறாள். தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது நிலையத்துச் சுவரில் அப்பாவின் படம். கிட்டப் போய் வாசித்திருக்கிறாள். வெற்றிலைக் கடை மஹ்ரூப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு தரம் வாசிச்சிட்டு, வந்த பஸ் திரும்புறதுக்குள்ள அதுலயே ஏறிட்டா ஒங்கட தங்கச்சி" என்று அவர்தான் பிறகு குமாரியிடம் சொன்னார். அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே புஷ்பம் போய்விட்டாள்.

பெயரை எடுக்கச் சொன்னது அண்ணன்தான் என்று புஷ்பம் நினைத்தாள். தோட்டமும் அப்படித்தான் நினைத்தது. வீட்டில் மூத்த ஆண்பிள்ளை. வேறு யார் சொல்லியிருப்பார்? "அண்ணன் இருக்கிற வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்" என்று புஷ்பம் சொன்னதாக ஆள் மூலம் சேதி வந்தது. அண்ணன் அதைக் கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். குமாரி வாயைத் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தே ஒன்பது வருடம் போய்விட்டது. அவள் எப்பேர்ப்பட்ட ஆள் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சரி, மென்பொருளுக்கு வருவோம். பெயர்கள் வேண்டாம், மூன்றும் வாயில் நுழையாத பெயர்கள்.

முதலாவது, எல்லாம் இணையத்திலேயே நடக்கிற வகை. மவுசால் பிடித்து இழுத்துப் போட்டால் போதும். குத்துவிளக்கு, தாமரை, மலர்வளையம் எல்லாம் தயாராக இருந்தன. அப்பாவின் படத்தை நடுவில் வைத்ததும் ஐயாவு ஒரு மந்திரியைப் போல ஆகிவிட்டார். ஆனால் அழகுக்காக எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைத்ததில் தமிழ் சிதறிப்போனது. கொம்பு ஒரு பக்கம் நின்றது, எழுத்து ஒரு பக்கம் நின்றது. மேலும் இணைய லைன் இல்லாவிட்டால் அது திறக்காது. மழை பெய்தால் இந்தப் பக்கம் லைன் இருக்காது. மழை பெய்யாத நாளை இந்தப் பக்கம் விரல் விட்டு எண்ணலாம்.

இரண்டாவதை ஷிப்னாவுக்குப் பிடித்திருந்தது. பெயரும் கடவுச்சொல்லும் போட்டு உள்ளே போக வேண்டும். எழுதியதை அது பத்திரமாக வைத்துக்கொள்ளும். திருத்தினால் பழையதையும் வைத்துக்கொள்ளும். குமாரி அதில் அப்பாவின் பக்கத்தைப் போட்டாள். கிருஷ்ணகுமாரி என்ற பெயருக்குப் பின் ஒரு காற்புள்ளி போட்டு, புஷ்பம் என்று அடித்துப் பார்த்தாள். சும்மா ஒரு பரீட்சைக்குத்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். சேமித்ததும் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி வந்தது: கடைசியாகத் திருத்தியவர் கிருஷ்ணகுமாரி, இன்ன தேதி, இன்ன நேரம்.

"இது எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டாள்.

"ஓம். யாரு எப்ப மாத்தினதெண்டு ஆருக்கும் பாக்கலாம். அதானே அக்கா இதுல நல்ல விசயம்."

குமாரி அந்தப் பக்கத்தை அழித்துவிட்டு, தலை வலிக்கிறது என்று சொல்லித் தேத்தண்ணீர் குடிக்கப் போனாள்.

மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. வெறும் திரை. எழுத்து எங்கே தொடங்குகிறது, வரி எங்கே முடிகிறது, படம் எங்கே என்று குறிகளைக் கையால் அடிக்க வேண்டும். விளக்கும் இல்லை, தாமரையும் இல்லை. லைன் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். லைன் வரும்போது ஏற்றிவிடலாம். அதில் அப்பாவின் பக்கத்தைப் போட்டாள். காற்புள்ளி, புஷ்பம். சேமித்தாள். திறந்து பார்த்தாள். 'இந்திரகுமார், கிருஷ்ணகுமாரி, புஷ்பம் ஆகியோரின் பாசமிகு தந்தையும்.' அடியில் எந்த வரியும் வரவில்லை. முதல் நாளிலிருந்து அப்படியே இருந்ததைப் போல இருந்தது.

அன்று மாலை ஷிப்னாவிடம் சொன்னாள். "மூணாவது."

"அது பழைய காலத்து முறை அக்கா. நீங்கதான் கஷ்டப்படுவீங்க."

"கரண்ட் போனாலும் லைன் போனாலும் வேல நடக்கும்ல. எனக்கு இது போதும்."

பொய் இல்லை. உண்மையும் இல்லை. ஷிப்னா தோளைக் குலுக்கிக்கொண்டு குறிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்.

பிறகு வேலை பிடித்துக்கொண்டது. பழைய பக்கங்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கூட்டிப் பெருக்கிக் குவித்த மாதிரிக் கிடக்கும். ஷிப்னா முதல் நாள் அதைப் பார்த்து, எல்லாம் கெட்டுப்போய்விட்டது என்று பதறினாள். குமாரி அந்தக் குப்பையை அப்படியே தமிழில் வாசித்துக் காட்டினாள். எந்த ஆங்கில எழுத்துக்குப் பின்னால் எந்தத் தமிழ் எழுத்து நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும். மாற்றிக் கொடுக்கும் கருவி ஒன்று இருந்தது, ஆனால் அது அங்கங்கே தவறியது. அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் கருவியில் போட்டு, வாசித்து, திருத்தி, குறி போட்டு, ஏற்ற வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது சாவு. செத்தவர்களில் பாதிப்பேரை அவளுக்குத் தெரியும். முதுகு விண்ணென்று தெறித்தது. கண்ணை மூடினாலும் 'அன்னாரின்' என்ற சொல் ஓடியது. களைப்பு என்றால் தூங்கினால் போகிற களைப்பு இல்லை அது.

இருநூற்று நாற்பத்தொன்று மட்டும் வரிசையில் காத்திருக்கவில்லை. அதை முதல் நாளே ஏற்றிவிட்டிருந்தாள்.

ஜூலை பதினான்கு வந்தது. காலையில் அப்பாவின் படத்துக்குப் பூ வைத்துவிட்டுத்தான் கடைக்கு வந்தாள். பழைய பக்கங்களின் அடியில், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் ஒரு எண் இருக்கும். மற்றப் பக்கங்களில் அது எப்போதாவது அசையும். அப்பாவின் பக்கத்தில் மட்டும் ஒவ்வொரு வருடமும் இதே நாளில் நாலைந்து கூடும். அண்ணனுக்கு இணையம் தெரியாது. வேறு யார் என்று குமாரிக்கு விளங்காமலா இருக்கும். 

பகல் பதினொரு மணிக்குக் கடைப் போன் அடித்தது. புவாட் எடுத்து, "குமாரி, ஒனக்கு" என்று நீட்டினார்.

"அக்கா." எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல். கொஞ்சம் தடித்திருந்தது. "நான் புஷ்பம்."

"சொல்லு."

"அப்பா நோட்டீஸ போன்ல பாத்தேன். எம் பேரு இருக்கு."

"ம்."

"அன்னைக்கும் இருந்துச்சா, அக்கா?"

குமாரி போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"நான் அன்னைக்கு அழுதுக்கிட்டே நின்னேன். புள்ள வேற கையில. கண்ணு தெரியாம வாசிச்சுட்டேனா? அது இருந்து, நான்தான் பாக்காம பஸ் ஏறிட்டேனா? ஒம்பது வருசமா அண்ணன வாயில வந்தபடி வஞ்சிருக்கேன். சும்மாவா வஞ்சேன்? சொல்லு அக்கா, நீதான அடிச்ச. இருந்துச்சா?"

ஓம் என்று ஒரு சொல். அதைச் சொன்னால் எல்லாம் நேராகிவிடும். புஷ்பம் நாளைக்கே அண்ணன் வீட்டுக்கு ஓடி வருவாள். யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. பக்கமும் சாட்சி சொல்கிறது. அடியில் எந்த வரியும் இல்லை. இதற்காகத்தானே மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தாள். ஆனால் ஓம் என்று சொன்னால், அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் போனது தன் கண்ணின் பிழை என்று புஷ்பம் சாகும்வரை தன்னையே திட்டிக்கொண்டிருப்பாள். பெயரைத் திருடியது போதாதென்று அவள் பட்ட வலியையும் பொய்யாக்குவதா? குமாரிக்கு அப்போது பெரிய தைரியம் ஒன்றும் வந்துவிடவில்லை. இன்னொரு பொய்யைத் தூக்கிச் சுமக்கத் தெம்பு இல்லை, அதுதான் உண்மை.

"இல்ல" என்றாள். "அன்னைக்கு இல்ல. நீ சரியாத்தான் வாசிச்ச. இப்ப, மூணு வாரத்துக்கு முந்திதான் போட்டேன்."

"அண்ணன் போடச் சொன்னுச்சா?"

"அண்ணனுக்கு இது தெரியாது. அன்னைக்கு வேணாம்னும் சொல்லல. ஒண்ணுமே சொல்லல. விட்டது நான்."

"நீயா?"

"நான்தான். ஒம் மேல கோவம். அதான் விட்டேன். அண்ணன வையாத."

போனில் எங்கோ ஒரு கோழி கொக்கரிப்பது கேட்டது. பிறகு லைன் வெட்டுப்பட்டது. இந்த முறை மழையால் இல்லை.

குமாரி கதிரைக்குத் திரும்பினாள். அந்த வெறும் திரையைத் திறந்து அப்பாவின் பக்கத்தை எடுத்தாள். மென்பொருள் தானாகப் போடாத வரியை அவள் கையால் அடித்தாள்: 'இந்த அறிவித்தலில் மகள் புஷ்பத்தின் பெயர் ஒன்பது வருடம் விடுபட்டிருந்தது. விட்டவர் மகள் கிருஷ்ணகுமாரி.' தேதியும் போட்டாள். ஏற்றினாள். ஷிப்னா பின்னாலிருந்து வாசித்தாள்.

மாலையில் அண்ணன் பீலிக்கரைத் தண்ணீரில் ரப்பர் ஒட்டுப்பால் நாற்றம் போகக் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். குமாரி கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. அங்கேயே நின்று சொன்னாள். நீளமாகச் சொல்லவில்லை. பெயரை விட்டது நான், பழி ஒங்க மேல விழுந்தப்பவும் பேசாம இருந்தேன், இன்னைக்கு அவகிட்ட சொல்லிட்டேன். அண்ணன் சோப்பைக் கல்லின் மேல் வைத்தார்.

"நான் சொல்லித்தான் நீ விட்டதா நெனச்சாங்க. நானும் அப்புடி ஏதாச்சும் சொன்னேனோன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்திருக்கேன்" என்றார்.

"ஒங்கள கேட்டிருக்கணும், அண்ணே."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல." கையைக் கழுவி முடித்தார். "ஆனா கேட்டிருக்கணும்."

அன்றிரவு அண்ணி ஒரு கரண்டி சோறு கூடுதலாகப் போட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடை அரைநாள். மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது, ஐம்பது பக்கம் மிச்சம் இருந்தது, அதனால் குமாரி வந்திருந்தாள். பத்து மணி போல வாசலில் நிழல் விழுந்தது. புஷ்பம். பருத்திருந்தாள், காதோரம் நரைத்திருந்தது. கையைப் பிடித்தபடி அன்றைய கைக்குழந்தை, இன்று பத்து வயதுப் பெண். பின்னால், ரோட்டோரம், அண்ணன் நின்றுகொண்டிருந்தார். தங்கை போன் போட்டிருக்க வேண்டும், அவளைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டிப்போக வந்திருக்கிறார். குமாரியிடம் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாதது நியாயம்தான் என்று குமாரிக்குத் தோன்றியது.

"அப்பா நோட்டீஸ் ஒரு பிரிண்ட் வேணுங்க" என்றாள் புஷ்பம். அக்கா என்று கூப்பிடவில்லை. முன்பின் தெரியாத கடைக்காரியிடம் கேட்பதைப் போலக் கேட்டாள்.

குமாரி பிரிண்ட் எடுத்தாள். தாளை நீட்டப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். "வழக்கமா வாசிச்சுக் காட்டிட்டுத்தான் குடுப்பேன்" என்றாள். "இத மட்டும் காட்டல."

புஷ்பம் கதிரையில் உட்காரவில்லை. போகவும் இல்லை. அண்ணன் ரோட்டிலிருந்து வாசல்வரை வந்து நின்றார். குமாரி வாசித்தாள். பிறந்த ஊர், தோட்டம், பிரிவு. காலஞ்சென்ற பாக்கியத்தின் அன்புக் கணவரும். இந்திரகுமார், கிருஷ்ணகுமாரி, புஷ்பம் ஆகியோரின் பாசமிகு தந்தையும். தகனம் நடக்கும் நேரம். கடைசியில் அவள் சேர்த்த வரி. முடித்துவிட்டுக் கேட்டாள்.

"யாராச்சும் விடுபட்டிருக்காங்களா?"

அண்ணன் புஷ்பத்தைப் பார்த்தார்.

"எம் வீட்டுக்காரரு" என்றாள் புஷ்பம். "மருமகன் பேரு வரணும்ல."

குமாரி திரும்பிக் கதிரையில் உட்கார்ந்தாள். குறிகளுக்கு நடுவே இடம் கண்டுபிடித்து, நிஹாலின் அன்பு மாமனாரும் என்று அடித்தாள். இன்னொரு பிரிண்ட் எடுத்தாள். இன்னொரு தரம் முழுவதையும் வாசித்தாள். இந்த முறை போதும் என்று புஷ்பம் தலையசைத்து, தாளை வாங்கி மகளிடம் காட்டினாள். சிங்களப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளை. தமிழ் எழுத்துத் தெரியாது. தாய் தன் பெயரின் மேல் விரலை வைத்து இதுதான் நான் என்று காட்டினாள். பிள்ளை அந்த எழுத்துகளின் வடிவத்தைப் பார்த்துக்கொண்டு தாளில் தேடிக்கொண்டே போய், கடைசி வரியில் அம்மாவின் பெயரை மறுபடி கண்டுபிடித்தது. அதே வரியின் முடிவில் இருந்த நீளமான இன்னொரு பெயரைத் தொட்டு, "மே கவுத அம்மா?" என்று கேட்டது. இது யார் என்று.

புஷ்பம் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். குமாரியை அவள் பார்க்கவில்லை.

"ஏ லொகு அம்மா" என்றாள் மகளிடம். பெரியம்மாவைச் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.